மூன்றாவது கிலோமீட்டர் வீடு

பல் டாக்டரின் கிளினிக்கில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு கட்டிலைப் போட்டால் அப்புறம் நடக்க இடமிருக்காது. முப்பது வருஷமாகப் பல்செட்காரர் அதற்குள் உட்கார்ந்துதான் பல்செட் செய்கிறார். டாக்டர் வாயில் அச்செடுத்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுப்பார். இவர் அதில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பிக் கொடுப்பார். அரை மில்லிமீட்டர் உயரம் கூடினாலும் போட்டுக்கொண்டவருக்கு நாலு நாளில் தாடை வலிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அவசரம் என்கிற சங்கதியே அவரிடம் கிடையாது. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், மேல்வரிசையைத்தான் பார்ப்பார். "ஊருக்கெல்லாம் வாய் செஞ்சு குடுக்கிறாரு, தன் வாயை மட்டும் திறக்கமாட்டாரு" என்பாள் அவர் மனைவி. பல்செட்காரர் என்றால் ஊரில் தெரியாதவர்கள் குறைவு.

அப்படி வாயே திறக்காத மனுஷர் ஒரு பொய் சொன்னார். நாலே வார்த்தைப் பொய். அந்தக் கதைதான் இது.

நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தே வேலை பார்க்கிற உடம்பு, வராமல் என்ன செய்யும்? "நடங்க, இல்லன்னா மாத்திரையோட குடும்பம் நடத்துங்க" என்று சர்க்கரை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் நடந்து பார்த்தார், அலுத்துவிட்டது. அப்போது தபால்காரர் ஒரு வழி சொன்னார். வாரம் முழுக்க சைக்கிளில் கடிதம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஆசைக்காக சைக்கிள் மிதிக்கிற விசித்திரப் பிறவி அவர். அவரும் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரும் ஞாயிறு காலைகளில் ஆற்றோரமாகப் பள்ளத்தாக்குக்குள் போய்வருவார்கள். "சும்மா ஒரு நாள் வந்து பாருங்க, பிடிக்கலன்னா அடுத்த வாரம் நாங்களே உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டோம்" என்றார்.

அவர்கள் ஓட்டியது கிராவல் பைக் என்கிற வகை. பார்க்க ரேஸ் சைக்கிள் போலக் கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும். ஆனால் டயர் தடிமன், சரளைக்கல்லையும் மண்ணையும் கவ்விக்கொண்டு போகும். தபால்காரரின் பழைய வண்டி ஒன்றில் ஏறி முதல் நாள் ஆறு கிலோமீட்டர் போய்விட்டு, தொடை நடுங்க இறங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார். அடுத்த வாரம் அவர்தான் அவர்களுக்கு முன்னால் தயாராக நின்றார். மூன்றாவது மாதம் சொந்த வண்டி. ஆறாவது மாதம் சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் இந்தப் பைத்தியம் இறங்கவில்லை.

ஊருக்கு மேலே இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆறு வருகிறது. ஆற்றின் இடக்கரையில், ஊர்ப் பாலத்திலிருந்து அணைக்கட்டு வரை இருபது கிலோமீட்டர், பழைய சாலை. கல்குவாரி லாரிகள் போகிற வழி அதுதான். லாரி வரும்போதெல்லாம் சைக்கிள்காரர்கள் இறங்கி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, தூசி அடங்கும்வரை மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும். ஒரு தடவை லாரிக் கண்ணாடி கணக்கு டீச்சரின் தோளில் இடித்து, அவர் கை ஒரு மாதம் கட்டுப் போட்டுத் தொங்கியது.

அந்தச் சாலையில் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரே ஒரு வீடு. அது அவருடைய அக்கா வீடு.

அக்கா எட்டு வயது மூத்தவள். வீட்டின் முன்பக்கத்தில் பாதி மாமாவின் பஞ்சர் கடை, பாதி அக்காவின் டீக்கடை. லாரிக்காரர்கள் டயரை மாமாவிடம் விட்டுவிட்டு, அக்காவிடம் டீயும் ரொட்டியும் முட்டையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பல்செட் வேலை கற்றுக்கொண்ட இரண்டு வருஷமும் அவர் அங்கேதான் தங்கியிருந்தார். தினமும் விடிந்ததும் அக்கா ஏதாவது ஒரு லாரியை நிறுத்தி, "என் தம்பிய பாலத்துகிட்ட எறக்கி விட்ருங்கண்ணே" என்று ஏற்றி அனுப்புவாள். தொழில் கற்றதே அந்த லாரிகளில் ஏறித்தான் என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு வலக்கரையில் சுரங்கப் பாதையோடு புதுச் சாலை வந்தது. லாரிகளுக்கெல்லாம் இனி அந்த வழிதான். பழைய சாலையை என்ன செய்வது என்று நகராட்சி யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் பல்செட்காரர் மனு எழுதினார். வண்டி எதுவும் வராத பாதையாக அதை மாற்றுங்கள், சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் போகட்டும், தாரைப் பெயர்த்துவிட்டுக் கல்தூள் போட்டு அழுத்திக் கொடுங்கள் என்று நாலு பக்கம். அவர் வாழ்க்கையில் எழுதிய மிக நீளமான எழுத்து அதுதான். கையெழுத்து வாங்க முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனார்.

"அப்போ லாரியெல்லாம்?" என்றாள் அக்கா.

"லாரி எப்படியும் அந்தக் கரைக்குப் போயிடும்க்கா. நாம கேக்கலன்னாலும் போயிடும். காரு, வேனுதான் ஒண்ணு ரெண்டு இந்தப் பக்கம் வரும். அதுக்குப் பதிலா சைக்கிள்ல ஆளுங்க வருவாங்க. நூறு பேரு வருவாங்க. எல்லாருக்கும் நீதான் டீ போடப்போற. கை வலிக்குதுன்னு என்கிட்ட வந்து அழாத."

மாமா தண்ணீர்த் தொட்டியில் ஒரு டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "மாப்ள, உன் சைக்கிள்ல டியூப் இருக்கா?"

"இல்ல மாமா. இது டியூப் இல்லாத டயரு. உள்ள ஒரு திரவம் ஊத்தியிருக்கும். முள்ளு குத்தினா அதுவே அடைச்சுக்கும்."

"அப்போ எனக்கு அதுல என்ன வேலை?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு.

ஒன்றரை வருஷத்தில் பாதை தயாரானது. முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் போனபோது பல்செட்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வண்டிச் சத்தமே இல்லை. ஆற்றின் சத்தமும், டயருக்கடியில் கல்தூள் நொறுங்குகிற சத்தமும், எங்கோ மேலே ஒரு பறவையும்தான். திருப்பத்தில் ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கவேண்டாம். நடுப்பாதையில், கையை விட்டுவிட்டுக்கூடப் போகலாம்.

பாதை காப்பாளர் குழு என்று ஒன்று போட்டு அவரைச் செயலாளராக்கினார்கள். பாலத்தடியில் பாதைக்குக் குறுக்கே மூன்று இரும்புக் கம்பங்கள். ஸ்கூட்டர் நுழையும், கார் நுழையாது. நடுக்கம்பத்துக்கு மட்டும் பூட்டு, திறந்தால் படுத்துக்கொள்ளும். முதல் மாதமே யாரோ பூட்டை வெட்டிவிட்டு மணல் ஏற்றிப் போனார்கள். பல்செட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பூட்டைச் சுற்றி எஃகில் ஒரு கிண்ணம் வைத்து, வெட்டுகிற கருவி எதுவும் நுழைய முடியாதபடி அவரே வரைந்து கொடுத்து வெல்டரிடம் செய்து வாங்கினார். அவர் வேலைதான் தெரியுமே, அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. மூன்று சாவிகள். ஒன்று நகராட்சி அலுவலகத்தில், ஒன்று அணைக்கட்டுக் காவலரிடம், ஒன்று அவரிடம்.

"எங்களுக்கு ஒண்ணு குடுக்கக்கூடாதா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு வீட்டுக்குக் குடுத்தா அப்புறம் ஆளாளுக்குக் கேப்பாங்கக்கா. என்கிட்ட இருக்கிறது உன்கிட்ட இருக்கிற மாதிரிதானே? கேஸ் வண்டி வரணுமா, ஒரு போன் போடு, பத்து நிமிஷத்துல வந்து திறக்கிறேன்."

சொன்னபடி வந்து திறக்கவும் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் நூறு பேர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து, பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லார் வண்டியிலும் தண்ணீர் பாட்டில், முதுகுப் பையில் வாழைப்பழம். மூன்றாவது கிலோமீட்டரில் யாருக்கும் களைப்பு வராது, நிற்கமாட்டார்கள். வார நாட்களில் ஈ காக்கை கிடையாது. மாமா தொட்டித் தண்ணீரை மாற்றுவதை நிறுத்தினார். அப்புறம் கடைக் கதவைப் பாதிதான் திறந்தார். அப்புறம் அதுவும் இல்லை. காலையிலிருந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிர்க்கரையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓசைகூட இந்தப் பக்கம் வராது. தீப்பெட்டி தீப்பெட்டியாக நகரும். "அது நம்ம நீல வண்டி. பின் டயரு தேஞ்சிருக்கும் இந்நேரம்" என்பார்.

பல்செட்காரர் முதலில் ஒவ்வொரு ஞாயிறும் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போவார். மாமா திட்டமாட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த லாரிக்காரனுக்கு எப்போது என்ன டயர் மாற்றினேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு மணி நேரம் போய்விடும். மெல்ல மெல்ல நிற்பது குறைந்தது. "திரும்பி வர்றப்போ வர்றேன்க்கா" என்று போகிற போக்கில் சொல்வார். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், மனைவி காத்திருப்பாள். கடைசியில் மணியடித்து, கையை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் போவதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. பாலத்திலிருந்து அணைக்கட்டு வரை ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று எட்டு மாதமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். இருபது கிலோமீட்டரும் லேசான ஏற்றம், அவர் வயதுக்கு அது சாதாரண விஷயமில்லை. ஒரு தடவை அறுபத்து மூன்று நிமிஷம், ஒரு தடவை அறுபத்தொன்று. அன்றைக்கு நல்ல காற்று முதுகுப் பக்கம் அடித்தது. தபால்காரரும் டீச்சரும் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்கள், மேலே நின்று கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதற்காக. சரியாக ஆறரைக்கு இவர் பாலத்தடியில் சைக்கிள் கைப்பிடியில் இருந்த மீட்டரை அமுக்கிவிட்டு மிதித்தார்.

மூன்றாவது கிலோமீட்டர் வரும்போது ஒரு மணி நேரக் கணக்குக்கு அவர் நாற்பது வினாடி முன்னால் இருப்பதாக மீட்டர் காட்டியது. திருப்பம் தாண்டியதும் அக்கா வீடு. மாமா நாற்காலியில் இல்லை. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

டாட்டா காட்டுகிற கைக்கும் கூப்பிடுகிற கைக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாரும் இல்லை. டாட்டா காட்டுகிற கையில் உள்ளங்கை நம்மைப் பார்க்கும். கூப்பிடுகிற கையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், நாலு விரலும் மடங்கி மடங்கி விரியும். அக்காவின் உள்ளங்கை தரையைப் பார்த்தது. இரண்டு தடவை, மூன்று தடவை. அவர் அதைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். நின்றால் மாமா கதை ஆரம்பித்துவிடும் என்று நினைத்தார். என்ன பெரிய விஷயம் இருந்துவிடப் போகிறது, கேஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தார். மணியை ஒரு தட்டுத் தட்டி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இதெல்லாம் நடந்தது அதிகம் போனால் நாலு வினாடி.

ஐம்பத்தெட்டு நிமிஷம் இருபது வினாடியில் அணைக்கட்டு. தபால்காரர் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். டீச்சர் கொண்டுவந்த கேக்கை நாலாக வெட்டினார்கள், காவலருக்கும் ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போன் சிக்னல் எடுக்காது. அதுதான் அந்த இடத்தின் சுகமே என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள்.

கீழே நடந்தது இது. காலையில் மாமாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. கை மரத்துப்போன மாதிரி இருக்கு என்றார், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தம்பி வருகிற நேரம், அவனிடம் சொல்லி ஒரு காரை உள்ளே வரவழைத்து டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று அக்கா வாசலில் போய் நின்றாள். தம்பி மணியடித்துவிட்டுப் போனான். இருபது நிமிஷம் கழித்து மாமா எழுந்து கழிப்பறைக்குப் போக முயன்று கீழே விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே பாலத்துக்கு வந்துவிட்டது. கம்பம்தான் அசையவில்லை. நகராட்சி அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. மற்ற இரண்டு சாவிகளும் அணைக்கட்டு மேட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ்காரர்கள் பூட்டை வெட்டப் பார்த்தார்கள், எஃகுக் கிண்ணத்துக்குள் எதுவும் நுழையவில்லை. பிறகு இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினார்கள். திரும்பும்போது அதன் சின்னச் சக்கரங்கள் கல்தூளில் புதைந்து உருள மறுத்தன. பாதி தூரம் தூக்கினார்கள், அக்காவும் ஒரு முனையைப் பிடித்தாள். வண்டியில் ஏற்றும்போது மணி எட்டே முக்கால்.

பத்து மணிக்குப் பல்செட்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஐந்தாவது கிலோமீட்டரில் போனுக்கு உயிர் வந்தது. முதலில் வந்தது சைக்கிள் ஆப்பிலிருந்து: வாழ்த்துகள், இதுவரை உங்கள் சிறந்த நேரம் இதுதான். அதற்குக் கீழே, அக்காவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள்.

வீடு திறந்து கிடந்தது. வாசலிலிருந்து பாலம் வரை பாதையில் இரண்டு மெல்லிய கோடுகள், சில இடங்களில் ஆழமாக, சில இடங்களில் இல்லாமல். அதன் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லாத கால் முழுக்கக் கல்தூள், வெள்ளையாக. அவரைப் பார்த்ததும் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"காலைல உன்னைக் கூப்பிட்டேனேடா. பாக்கலியா?"

சைக்கிள் ஷூவோடு நின்றவர், அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "நீ டாட்டா காட்டுறன்னு நெனச்சிட்டேன்க்கா."

அக்கா கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

மாமா பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது: சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கோபத்திலும் அதே சரிதான், தொனி மட்டும் மாறும். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பல்செட்காரர் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். "அதையெல்லாம் இப்ப யோசிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் அவர். பதில் புரிந்துவிட்டது.

மூன்றாவது கிலோமீட்டரில் இனி குடியிருக்க முடியாது. அக்கா வீட்டை விற்றுவிட்டு, டவுனில் ஒரு கீழ்த்தள வீட்டுக்கு வந்தாள், முன்னறையில் கட்டில், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி. அந்தக் கம்பியை அடித்தவர் பல்செட்காரர்தான். தினமும் வேலை முடிந்து அங்கே போய், மாமாவைத் தூக்கி உட்காரவைத்து, கை கால் நீட்டி மடக்கிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போவார். குழுவில் சண்டை போட்டு எஃகுக் கிண்ணத்தை அறுத்தெடுக்க வைத்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் எண் போட்டுத் திறக்கிற பெட்டியில் சாவியை வைக்கச் செய்தார். "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்?" என்று அக்காவின் அக்கம்பக்கத்தார் சொல்லும்போதெல்லாம் அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு தடவை, முன்னால் இருக்கை வைத்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். மாமாவை அதில் உட்காரவைத்துப் பாதையில் காற்றாடக் கூட்டிப்போக ஆசை. பாலத்தடியில் கல்தூள் சத்தம் கேட்டதும் மாமா இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "சரி, சரி, சரி" என்று கத்தினார். விரல் விரலாகப் பிரிக்கவேண்டியிருந்தது. திரும்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பழைய வீட்டை வாங்கிய இளம் தம்பதி, அதற்கு வெள்ளையடித்து, மாமாவின் தண்ணீர்த் தொட்டியில் பூச்செடி வைத்து, சைக்கிள்காரர்களுக்கான காப்பிக்கடை ஆக்கினார்கள். பாதையின் பெயர் அதற்குள் வெளியூர்களில் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்குக் குறையாமல் நின்று காப்பி குடிக்கிறார்கள். பல்செட்காரர் சொன்னது பொய்யில்லை, மூன்று வருஷம் தள்ளி நடந்தது, அவ்வளவுதான்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. மாமாவின் தாடை ஒரு பக்கமாக இறங்கிவிட்டதால் அவர் போட்டிருந்த பழைய பல்செட் பொருந்தாமல் போனது. புதிதாகச் செய்வோம் என்று பல்செட்காரரே முன்வந்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம், டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து, மாமாவைச் சக்கர நாற்காலியோடு அந்தச் சின்ன அறைக்குள் கொண்டுவந்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெழுகில் நட்ட பற்களை மாமாவின் வாயில் வைத்து, கடிக்கச் சொல்லி, எடுத்து, செதுக்கி, மறுபடி வைத்து, மூன்று தடவை.

மூன்றாவது தடவை அக்கா சொன்னாள்: "போதும்டா. நீ எவ்வளவு பண்ணுவ. மத்தவன்னா இந்நேரம் கைகழுவிட்டுப் போயிருப்பான்."

அதை அவரால் தாங்க முடியவில்லை. கையில் மெழுகுக் கத்தியை வைத்துக்கொண்டு, திரும்பாமலேயே சொன்னார்.

"அக்கா, அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும்."

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான். டாட்டா இல்லன்னு தெரியும். நல்லாத் தெரியும். நேரம் போயிடும்னு நிக்காம போயிட்டேன்."

மெழுகு உருக்குகிற சின்ன அடுப்பு மட்டும் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள், எழுந்து போய்விடுவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்றெல்லாம் நாலு வருஷமாக நினைத்து வைத்திருந்தார். அக்கா அப்படி எதுவும் செய்யவில்லை.

"நான் சரியாக் கூப்பிடலன்னு நெனச்சிட்டிருந்தேன்டா" என்றாள்.

"என்னக்கா?"

"டாட்டா மாதிரி இருந்துச்சுன்னு நீ சொன்ன பாரு. அதுலேர்ந்து. கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கித் தூக்கிப் பாத்திருக்கேன், அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டேன்னு. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, வாய் இல்லயா எனக்குன்னு. உள்ள இவரு பயந்துடுவாருன்னு சத்தம் போடல. என் புத்தியாலதான் இவரு இப்படி ஆயிட்டாருன்னு..." நிறுத்தினாள். "நாலு வருஷம்டா."

அவர் எத்தனையோ கணக்குப் போட்டு வைத்திருந்தார், இந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. நிற்காமல் போன நாலு வினாடிக்காகத்தான் இத்தனை நாள் மனசுக்குள் அழுதுகொண்டிருந்தார். தன் தோளிலிருந்து பழியை இறக்கிவைக்கச் சொன்ன ஒரு வாக்கியம் அக்கா தோளில் போய் உட்கார்ந்திருந்தது தெரியாமல், தினமும் அவள் வீட்டுக்குப் போய் அவள் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறார்.

"அக்கா, மன்னிச்சிடு" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது.

சக்கர நாற்காலியில் இருந்த மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மெழுகுப் பற்கள் வாயில் இருந்ததால் குரல் தெளிவாக வரவில்லை. "சரி" என்றார். எதற்குச் சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற வழி இல்லை.

பல்செட் தயாரானது. அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று டாக்டரே சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள், உட்கார் என்றாள், டீ கொடுத்தாள். பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவர் போனபோது, மாமாவுக்குக் கை கால் நீட்டி மடக்கிவிட ஒரு பெண் வந்து வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "பக்கத்துத் தெருதான். நல்லாப் பண்றா. உனக்கும் வயசாகுதுல்ல, தினம் எதுக்கு அலைஞ்சுக்கிட்டு?" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். தம்பிக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே வேலை போய்விட்டது.

இப்போது அவருக்கு ஐம்பத்தாறு. சைக்கிளை விடவில்லை. விட்டால் சர்க்கரை ஏறிவிடும். புதன்கிழமை காலையில், ஆள் இல்லாத நேரத்தில் போகிறார். ஐம்பத்தெட்டு நிமிஷத்தை அதற்கப்புறம் யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை, அவரும் அந்த வேகத்தில் போனதில்லை.

போன மாதம் மாமாவுக்கு இடது பக்க ஈறு உரசிப் புண்ணாகிவிட்டது. அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். நேராக மாடிப்படிக்குக் கீழே வரவில்லை. முன்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு, மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பணிப்பெண் வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. கையில் பிளாஸ்டரோடு வெளியே ஓடிவந்தார்.

"என்னக்கா இது, டோக்கன் எல்லாம்? உள்ள வா."

"பரவால்லடா. பதினேழு. இப்பத்தான் பதினாலு போயிருக்கு. முறையா வர்றோம்."

வற்புறுத்த அவருக்கு வாய் வரவில்லை. போகவும் கால் வரவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டாள். மாமாவின் கால் இரண்டு நாளாக வீங்கியிருப்பதாகச் சொன்னாள். தலையணையை உயர்த்தி வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். பார்க்கலாம் என்றாள் அவளும். பதினைந்து என்று பணிப்பெண் கூப்பிட்டாள்.